பர்லாங்: ஓர் உழவுசாலின் நீளம்

பர்லாங் என்றால் பழைய சாலையோரக் கல்தான் பலருக்கும் நினைவு வரும். மைலுக்கு எட்டுப் பர்லாங். ஒரு பர்லாங் 220 கெஜம், அதாவது 201 மீட்டர் சொச்சம். ஆனால் சொல் பிறந்த இடம் சாலை அல்ல, இங்கிலாந்தின் வயல். பழைய ஆங்கிலத்தில் 'ஃபுர்ஹ்' உழவுசால், 'லாங்' நீண்டது.

எட்டு மாடு பூட்டிய கனத்த ஏரைத் திருப்புவது பெரும்பாடு. திருப்பம் குறைய வேண்டும் என்றே வயலை நீளநீளத் துண்டுகளாக வகுத்தார்கள். கடைசி வரை நேராக ஓட்டவும் முடியாது. முனை வருவதற்கு முன்பே மாடுகளை இடப்பக்கம் ஒதுக்க வேண்டும். அதனால் துண்டுகள் கண்ணாடியில் பார்த்த 'எஸ்' எழுத்தைப் போல வளைந்தன. இங்கிலாந்தின் நடுவில் உள்ள மிட்லண்ட்ஸ் பகுதி மேய்ச்சல் நிலங்களில் அந்த வளைவு இன்றும் தெரிகிறது.

220 கெஜ நீளம், 22 கெஜ அகலம்: இதுவே ஓர் ஏக்கர். (கிரிக்கெட்டில் விக்கெட்டுகளுக்கு இடையிலான தூரமும் இதே 22 கெஜம்.) நிலக்கணக்கெல்லாம் பர்லாங்கில் இருந்ததால் அதைத் தொடவில்லை, 1593-இல் மைலைத்தான் எட்டுப் பர்லாங்குக்கு, 5,280 அடிக்கு, சட்டம் போட்டு நீட்டினார்கள்.

சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள லாக்ஸ்டன் என்ற சிற்றூரில் அதைக் கண்ணால் பார்க்கலாம். தெருவை ஒட்டிப் பண்ணைவீடுகள், பின்னால் கொல்லை, அதற்கப்பால் மூன்று பெருவயல்கள்: தெற்கு வயல், ஆலை வயல், மேற்கு வயல். குளிர்காலக் கோதுமை, வசந்தகாலப் பயிர், தரிசு என்று மூன்றிலும் மாறிமாறி வரும். பெருவயலுக்குள் ஒரே திசையில் உழும் துண்டுகளின் தொகுதிக்கும் பர்லாங் என்றே பெயர். ஒரு குடும்பத்தின் துண்டுகள் பல பர்லாங்குகளில் சிதறிக் கிடக்கும். 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு துண்டும் பதிவாகியிருக்கிறது. இடையே வேலி இல்லாததால் பக்கத்து நிலத்தில் ஒரு சால் சேர்த்து உழுவது எளிது. அதைத் தடுக்கவே ஆண்டுதோறும் நடுவர் குழு கோதுமை வயலைச் சுற்றிவந்து எல்லை முளை அடிக்கிறது. மீறியவருக்கு ஊர்மன்றத்தில் அபராதம்.

தமிழில் அளவைச் சொல்லும்போது பர்லாங் என்றே எழுதலாம், எல்லாருக்கும் புரியும். சொற்பொருளை விளக்கச் 'சால்நீளம்' போதும். துண்டுத் தொகுதிக்கு, வயல்பரப்பைக் குறிக்கும் 'தாக்கு' நன்றாகப் பொருந்துகிறது. பழைய பத்திரத்தில் ஒரு வயலின் பெயரில் பர்லாங் வந்தால் அதை 201 மீட்டர் என்று மாற்றிவிடக் கூடாது. அது இடப்பெயர்; அத்தகைய தாக்குகளின் நீளம் மண்ணுக்கும் சரிவுக்கும் ஏற்ப மாறும்.