பைலட் ஆக ஆசையா? படிவம் நான்குக்கு முன்னாலேயே கண்ணைச் சோதியுங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மனுப் பாரம் நிரப்பிக் கொடுப்பவன் நான். உபகாரச் சம்பளம், போலீஸ், ராணுவம் என்று எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படி வந்த ஒரு பையனின் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பையனுக்கு பிசிக்ஸில் ஏ. போர் விமானி ஆக வேண்டும் என்று தமிழ்ப்பள்ளிக் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன். ஊர்க் கண்ணாடிக் கடையில் "கண்ணு நல்லா இருக்கு தம்பி" என்று சொல்லி அனுப்பினார்கள். விமானப்படை ஆள்சேர்ப்புத் தேர்வில் ஒரு நிறப்புள்ளிப் புத்தகத்தைக் காட்டினார்கள். அதில் இருந்த எண்கள் அவனுக்குத் தெரியவே இல்லை. பதினெட்டு வயது வரை அந்தப் புத்தகத்தை யாரும் அவன் முன்னால் விரித்ததில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். வயது, எஸ்பிஎம் (படிவம் ஐந்தில் எழுதும் அரசுத் தேர்வு) பாடங்கள், உயரம் எல்லாம் ஆள்சேர்ப்பு விளம்பரத்தில் தெளிவாக இருக்கும், நீங்களே படித்துக்கொள்ளலாம். பிள்ளைகள் விழுவது கண்ணில்தான்.

முதல் குழி, 6/6 என்ற அந்த எண். 6 மீட்டர் தூரத்தில் சாதாரணக் கண் படிக்கும் வரியை நீங்களும் 6 மீட்டரில் படித்தால் 6/6. மற்றவர் 12 மீட்டரிலிருந்தே படிப்பதை நீங்கள் 6 மீட்டருக்கு வந்துதான் படிக்கிறீர்கள் என்றால் 6/12. கடைக்காரர் "6/6 வந்துவிட்டது" என்று சொன்னால், கண்ணாடி போட்டா, போடாமலா என்று உடனே கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு. விளம்பரத்தில் "தன்பா செர்மின் மாத்தா" என்று இருந்தால் கண்ணாடி இல்லாமல் என்று பொருள். அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் பணமும் நாளும் செலவழித்த குடும்பங்களைப் பார்த்துவிட்டேன். போன வருடத்து விளம்பரத்தையோ, அண்ணன் போன காலத்து விளம்பரத்தையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த முறை வந்த விளம்பரத்தை வரி வரியாகப் படியுங்கள்.

இன்னொரு குழப்பம் சொந்தக்காரர் வழியாக வரும். "என் மச்சான் ஏர்லைன்ஸில் பைலட், கண்ணாடி போட்டுத்தான் ஓட்டுகிறார்" என்பார்கள். உண்மைதான். பயணிகள் விமானத்துக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றில் கண்ணாடி தடை இல்லை. உலக விதிப்படி ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் போதும், கண்ணாடியோடு வந்தாலும் சரி. பறக்கும்போது கையில் இன்னொரு கண்ணாடி மாற்றுக்கு இருக்க வேண்டும், அவ்வளவுதான். படை விமானத்துக்கு அந்த விதி பொருந்தாது. திடீர்த் திருப்பத்தில் உடல் எடை பல மடங்காகிறது, தலையில் கவசமும் முகத்தில் ஆக்சிஜன் முகமூடியும் இருக்கின்றன, ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படவும் நேரலாம். ஆகவே மச்சான் சொன்னதை மச்சானோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது நிறம். நிறம் பிரித்துத் தெரியாத குறைக்கு ஆபரேஷனும் கிடையாது, மருந்தும் கிடையாது. நிறக் கண்ணாடி விற்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பு விளக்கு, வலதில் பச்சை. ஓடுபாதை ஓரத்து விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாக எரிந்து, நீங்கள் தாழ்வாக வருகிறீர்களா, உயரமாக வருகிறீர்களா என்று காட்டும். ரேடியோ செத்துப்போனால் கோபுரத்திலிருந்து நிற விளக்கால்தான் பேசுவார்கள். அதனால்தான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. சிவப்பு பச்சைக் குறை பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வரும். அம்மாவின் அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்ததாக வீட்டில் பேச்சு இருந்தால் பையனை முதலிலேயே சோதனைக்குக் காட்டிவிடுங்கள். குறை உள்ள பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படியே பார்த்துப் பழகியிருப்பான்.

எங்கே சோதிப்பது என்பதுதான் பெரிய அலைச்சல். அந்தப் பையனின் தம்பிக்காக நாங்கள் அலைந்ததைச் சொல்கிறேன். பள்ளியில் கேட்டால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொன்னார்கள். கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி உட்கார்ந்தால், பார்வைப் பலகையைக் காட்டிவிட்டு, "கண் டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ருஜுக்கான் கடிதம் (டாக்டரிடம் அனுப்பும் பரிந்துரைக் கடிதம்) வேண்டும், கண்ணில் கோளாறு இல்லாமல் கடிதம் தர முடியாது" என்றார்கள். கோளாறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தானே வந்தோம்! தோட்டத்திலிருந்து பஸ்ஸுக்கே அரை நாள் போய்விடுகிறது. மூன்றாவது முறை போனபோது, விமானி வேலைக்கு மனுப்போடப் போகிறான், நிறப்பார்வை அறிக்கை தேவை என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். அப்புறம்தான் கதவு திறந்தது. நீங்கள் முதல் நாளே அந்தக் கடிதத்தோடு போங்கள்.

கண்ணாடிக் கடைக்குப் போவதென்றால், 1991ஆம் ஆண்டு ஒளியியல் சட்டப்படி பதிவு பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கிறாரா என்று கேளுங்கள். கண்ணாடி செய்து தரும் ஆப்டிஷியன் வேறு, கண்ணைச் சோதிக்கப் படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் வேறு. "இஷிஹாரா புத்தகம் இருக்கிறதா?" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், அதுதான் அந்த நிறப்புள்ளிப் புத்தகம். கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணுக்கும் எத்தனை, கண்ணாடியோடு எத்தனை, பவர் எவ்வளவு, நிறச் சோதனை முடிவு என்ன, இந்த நான்கையும் தாளில் எழுதி கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வாயால் "ஓகே" என்று சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு மேசையிலும் பேச முடியாது.

கண்ணில் சொட்டு மருந்து விட்டுச் சோதித்தால் மணிக்கணக்கில் பார்வை மங்கும், வெயில் கூசும். அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பாதீர்கள். யாரையாவது கூட்டிப் போங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிற பிள்ளை அதைக் கழற்றிச் சில நாள் விட்ட பிறகுதான் சோதனைக்குப் போக வேண்டும். எத்தனை நாள் என்பதை ஆப்டோமெட்ரிஸ்ட் சொல்வார்.

சரி, பவர் இருக்கிறது, லேசர் செய்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். ஆயிரக்கணக்கில் கடன் வாங்கி, லேசர் செய்த கண் அந்தத் தேர்வில் ஏற்கப்படுமா என்று கேட்காமலேயே செய்துகொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வகை லேசரில் கருவிழியின் மேல்படலத்தை மூடிபோல அறுத்துத் திறக்கிறார்கள், இன்னொரு வகையில் மூடி கிடையாது. படைகள் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. முதலில் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். செய்துவிட்டு மறைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். கருவிழியின் வடிவத்தையும் தடிமனையும் அளக்கும் கருவியில் தெரிந்துவிடும். இரவில் போட்டுக் காலையில் கழற்றும் லென்ஸும் இப்படித்தான். போடுவதை நிறுத்தினால் பழைய பவர் திரும்பி வந்துவிடும்.

"கண் டெஸ்ட்டில் பாஸ் பண்ணித் தருகிறேன்" என்று பணம் கேட்பவன் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். படைக்கு மனுப்போடுவதற்குத் தரகர் தேவையில்லை.

இதையெல்லாம் படிவம் மூன்றிலேயே முடித்துவிடுங்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பிசிக்ஸ் எடுப்பதா வேண்டாமா என்று படிவம் நான்கில் முடிவாகிவிடும். கண் முடிவு கையில் இருந்தால் எந்தப் பக்கம் போவது என்று அப்போதே உட்கார்ந்து பேசலாம். அந்தத் தம்பியின் அறிக்கையில் நிறம் சரியாக வந்தது, கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் 6/6. இப்போது படிவம் நான்கில் பிசிக்ஸ் படிக்கிறான். அந்தத் தாளை அவன் அம்மா அரிசி டின்னுக்கு அடியில், பிறப்புப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார்.