பென் டிரைவின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் மூன்று வாடிக்கையாளர்களின் பென் டிரைவ்களை ஒரே நேரத்தில் செருகினால், அவற்றுக்கு யாரும் பெயர் வைக்காத வரையில், விண்டோஸ் 10 மூன்றையும் ‘யூஎஸ்பி டிரைவ்’ என்றே காட்டும். பக்கத்தில் உள்ள ஈ, எஃப், ஜி என்ற எழுத்து மட்டுமே வேறுபடும். உறையின் மேல் தயாரிப்பாளர் பெயர் அச்சாகியிருந்தும் திரையில் அது தெரிவதில்லை.

தயாரிப்பாளர் பெயர் கணினிக்குத் தெரியாமல் இல்லை. செருகியவுடன் கணினி கேட்கும் தொடக்கக் கேள்விகளுக்கு, பென் டிரைவுக்குள் இருக்கும் சில்லு தன் நிறுவனப் பெயரையும் மாதிரிப் பெயரையும் தெரிவித்துவிடுகிறது. கூடவே, தன்னில் இருப்பது கழற்றக்கூடிய ஊடகமா என்பதை ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மதிப்பு) மூலம் சொல்கிறது. பெரும்பாலான பென் டிரைவ்களில் அந்த பிட் 1. வெளிப்புற ஹார்டு டிஸ்க்குகளில் வழக்கமாக 0. இரண்டும் ஒரே யூஎஸ்பி துளையில் செருகப்பட்டாலும் கணினி அவற்றை வெவ்வேறு வகையாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் கோப்பு மேலாளர் முதலில் தேடுவது வால்யூம் லேபிளை, அதாவது டிரைவுக்கு நாம் வைக்கும் பெயரை. அது சில்லில் இல்லை. ஃபார்மேட் செய்யும்போது நினைவகத்திலேயே எழுதப்படுகிறது. கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32-இல், 11 பைட் நீளமுள்ள இந்த லேபிளுக்கு பூட் செக்டார் (தொடக்கப் பகுதி), மூல அடைவு (முதன்மைக் கோப்புப் பட்டியல்) என இரண்டு இடங்கள் உண்டு. ஓரிடத்தில் மட்டும் திருத்தும் மென்பொருள்களும் இருப்பதால், ஒரே பென் டிரைவ் இரண்டு கணினிகளில் இரண்டு பெயர்களோடு தோன்றக்கூடும். பழைய வடிவமைப்பின் தேவையற்ற மிச்சம் இது என்றே சொல்லவேண்டும்.

தமிழில் பெயர் வைக்க விரும்புவோருக்கு இந்த நீளக் கணக்கு முக்கியமானது. விண்டோஸில் ஃபேட்32 லேபிளுக்குத் தமிழ் எழுத்து பொருந்தாது. இன்னொரு முறையான எக்ஸ்ஃபேட் 11 ஒருங்குறி (யூனிகோட்) அலகுகளை ஏற்பதால், உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்த்து 10 அலகுகள் கொண்ட ‘புதுச்சேரி’ அதில் முழுதாக அடங்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை 32 வரை இடம் தருகிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 தருவது 16 பைட் மட்டுமே. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ் அலகுக்கும் 3 பைட் தேவைப்படுவதால், 6 அலகுகள் கொண்ட ‘கடலூர்’ 18 பைட் ஆகிறது: கடைசிப் புள்ளியின் 3 பைட்டில் ஒன்றுக்குத்தான் இடம் எஞ்சும். பல கணினிகளுக்கிடையே அலையும் பென் டிரைவுக்கு 11 எழுத்துக்குள் ஆங்கிலப் பெயர் வைப்பதே இன்றைக்குப் பாதுகாப்பானது.

லேபிள் இல்லாதபோது ஒவ்வோர் இயங்குதளமும் தன் வழக்கப்படி ஒரு பெயரை இட்டு நிரப்புகிறது. மேக் கணினியில் பெரும்பாலும் ‘நோ நேம்’ என்று வரும். லினக்ஸின் க்னோம் சூழல் கொள்ளளவையே பெயராக்கி ‘32 ஜிபி வால்யூம்’ என்பதுபோலக் காட்டும். அந்தக் கொள்ளளவிலும் ஒற்றுமை இல்லை: 3,200 கோடி பைட்டை க்னோம் 1000-இன் அடுக்குகளால் வகுத்து 32 ஜிபி என்கிறது, விண்டோஸ் 1024-இன் அடுக்குகளால் வகுத்து 29.8 ஜிபி என்கிறது.

ஒரே லேபிள் கொண்ட இரண்டு பென் டிரைவ்களை லினக்ஸில் செருகினால், இரண்டாவதன் கோப்புறைப் பெயரோடு 1 என்ற எண் சேர்க்கப்படும். அவற்றை உள்ளுக்குள் பிரித்தறிய உதவுவது, ஃபார்மேட் செய்யும்போது பதியப்படும் ஓர் அடையாள எண்; ஃபேட்32, எக்ஸ்ஃபேட் முறைகளில் அது எட்டு இலக்கப் பதினறும எண் (0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கொண்டு எழுதப்படுவது). மீண்டும் ஃபார்மேட் செய்தால் இந்த எண் மாறிவிடும். சில்லு சொல்லும் தயாரிப்பாளர் பெயர் மாறாது.