கோல்ஃப் மைதானத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு நிறுவனத்தில் சில வருடங்கள் வேலை பார்த்தவருக்கு என்றாவது ஒரு நாள் ‘கோல்ஃப் டே’ அழைப்பு வந்துவிடும். பள்ளிக்கு நிதி திரட்ட ஒன்று, வாடிக்கையாளர்களை உபசரிக்க ஒன்று என்று வருடம் முழுவதும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலும் வெருலத்திலும் கால்பந்தும் கிரிக்கெட்டும் ஆடி வளர்ந்த நம் ஆட்களுக்கு, மட்டையை எப்படிப் பிடிப்பது என்று யோசிப்பதற்கு முன்பே வரும் கவலை, எதைப் போட்டுக்கொண்டு போவது என்பதுதான். கடைக்குப் போனால் நிறம், பிராண்டு, காலர் என்று பேச்சு ஓடும். உடம்புக்கு அங்கே என்ன நடக்கப்போகிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நிற்கவேண்டும். 18 குழிகளையும் நடந்தே முடித்தால் எட்டு, பத்து கிலோமீட்டர் ஆகிவிடும். நடுநடுவே முழு உடம்பையும் கால் வினாடிக்குள் சுழற்றிப் பந்தை அடிக்கவேண்டும். துணியும் காலணியும் இந்த வேலைக்குத்தான்.

கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் முதலில் காலணி வாங்குங்கள். சட்டையில் சமாளித்துக்கொள்ளலாம், காலணியில் முடியாது. காரணம் தரையில் இருக்கிறது.

கோல்ஃப் அடியைப் பார்க்கிறவருக்கு எல்லாம் கை வேலை போலத் தெரியும். வேகம் பிறப்பது காலடியில். வலது கைக்காரர் மட்டையைப் பின்னால் தூக்கும்போது எடை வலது காலுக்குப் போகிறது. மட்டை இறங்கத் தொடங்கும் நேரத்தில் அது இடது காலுக்கு மாறுகிறது. அப்போது இரண்டு பாதங்களும் தரையை எதிரெதிர் திசைகளில் தள்ளுகின்றன. தரை அதே அளவு விசையுடன் திருப்பித் தள்ளுகிறது. அந்த எதிர்விசைதான் இடுப்பைச் சுழற்றுகிறது. இடுப்பு தோளை இழுக்க, தோள் கையை இழுக்க, கை மட்டையை இழுக்க, ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடிக்கொண்டே போய், தொழில்முறை வீரர் கையில் இருக்கும் ‘டிரைவர்’ என்ற நீண்ட மட்டையின் தலை மணிக்கு சுமார் 180 கிலோமீட்டரைத் தொடுகிறது. நன்றாக அடிப்பவருக்கு அந்தக் கணத்தில் இடது காலின் கீழ் மட்டுமே அவருடைய உடல் எடையைவிட அதிகமான விசை இருக்கும். அந்தப் பாதம் ஒரு விரல் அகலம் வழுக்கினால்கூடத் தள்ளுவதற்குப் பிடிமானம் இல்லாமல் போகும். மேலே இருக்கிற எல்லாமே தடுமாறும்.

காய்ந்த தரையில் ரப்பரின் உராய்வே போதும். காலைப் பனியிலோ மழை விட்ட பிறகோ நிலைமை வேறு. புல் இதழின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. அதன்மேல் தண்ணீரும் படர்ந்துவிட்டால் ரப்பர் புல்லைத் தொடுவதே இல்லை, தண்ணீர்ப் படலத்தைத்தான் தொடுகிறது. அங்கே உராய்வை நம்பிப் பயனில்லை. எதிலாவது மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும். காலணியின் அடியில் முள்போல இருக்கும் ஸ்பைக் வந்தது அதற்காகத்தான்.

பழைய காலணிகளில் எஃகு ஆணிகள் இருந்தன. மண்ணைத் துளைத்துக்கொண்டு போய்க் கெட்டியாகப் பிடிக்கும். குழியைச் சுற்றியிருக்கும் மெல்லிய புல்வெளியைக் கிழித்து நாசமும் செய்யும். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், குளிர்காலப் புல்வெளியைக் காப்பாற்றுவதற்காக ஒரு பிளாஸ்டிக் ஸ்பைக்கை உருவாக்கினார்கள். பின்னால் வந்த வகைகளின் குட்டிக் கால்கள் எடை பட்டதும் வெளிப்பக்கம் விரிந்து புல் இழைகளுக்குள் சிக்கிக்கொள்ளும். மண்ணைக் குத்தாது. சில வருடங்களில் உலகமெங்கும் பல க்ளப்புகள் எஃகு ஆணியைத் தடைசெய்துவிட்டன. இன்று கடையில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் ஸ்பைக். இன்னொன்று, அடிப்பாகத்திலேயே ரப்பர் முடிச்சுகள் வார்த்த ஸ்பைக் இல்லாத வகை.

எதை வாங்குவது? அது நீங்கள் எங்கே, எப்போது ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தென்னாப்பிரிக்க மைதானங்கள் பலவற்றில் கிகுயூ புல் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, தரையோடு படர்ந்து தடித்த மெத்தையாக வளரும் புல். கோடையில் அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த மெத்தைக்குள் மாட்டிக்கொள்ள ஸ்பைக் நல்லது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் குளிர்காலத்தில் உறைபனி பட்டு அதே புல் பழுத்துக் காய்ந்துவிடும், மண்ணும் இறுகிவிடும். அங்கே முடிச்சுக் காலணியே போதும், நடக்கவும் சுகம்.

வீட்டில் இருக்கும் ஓட்டப்பயிற்சி டக்கீஸ் (ஸ்போர்ட்ஸ் ஷூ) ஆகாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு நாள் ஆட்டத்துக்கு ஆகும், வழக்கமாக ஆடப்போகிறவருக்கு ஆகாது. அந்த டக்கீஸின் குதிகாலில் தடிமனான மெத்து இருக்கிறது. நேர்கோட்டில் ஓடும்போது மேலிருந்து வரும் அதிர்ச்சியை வாங்குவதற்காக வைத்தது. கோல்ஃப் அடியின் முடிவில் எடை இடது பாதத்தின் வெளி விளிம்பில் வந்து விழும். மெத்து அந்தப் பக்கமாக அமுங்கிக் கணுக்காலைச் சாய்த்துவிடும். கோல்ஃப் காலணியின் அடி தட்டையாக, அகலமாக, ஓரங்களில் கெட்டியாக இருப்பது இதற்காகவே. கடையில் ஒன்று செய்து பாருங்கள். குதியை ஒரு கையிலும் நுனியை இன்னொரு கையிலும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்குங்கள். நடுப்பாகம் சுலபமாக முறுகக்கூடாது. விரல் மடங்கும் இடத்தில் மட்டும் நன்றாக வளையவேண்டும்.

பிடிமானம் அளவுக்கு மீறினாலும் ஆபத்து. பாதம் தரையோடு பூட்டப்பட்டிருக்க, உடம்பு சுழல, நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ஸ்பைக் இல்லாததை வாங்குவது நல்லது. இடது பாதத்தின் நுனியைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நின்றாலும் அந்த முறுக்கு குறையும்.

சாக்ஸ் விஷயத்தில் இந்த நாட்டுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. கொப்புளம் வருவது தோலின் மேற்பரப்பு தேய்வதால் மட்டுமில்லை. எலும்பு ஒரு பக்கம் நகர, தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, இடையிலுள்ள அடுக்குகள் மறுபடி மறுபடி இழுபட்டுக் கிழிந்து நீர் கோக்கிறது. ஈரமான தோலுக்கு உராய்வு அதிகம், அதனால் இழுபடுவதும் அதிகம். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து அங்கேயே வைத்துக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட வெளிகளில் வளரும் அங்கோரா ஆடுகளிலிருந்து மோஹேர் என்ற ரோமம் கிடைக்கிறது. உலக மோஹேர் உற்பத்தியில் முதலிடம் இந்த நாட்டுக்குத்தான். கம்பளி இழையின் மேல் இருக்கும் செதில்களைவிட மோஹேரின் செதில்கள் தட்டையானவை, இழை வழவழப்பானது. ஈரத்தை ஆவியாகவே உள்வாங்கிக்கொள்ளும், தோலில் நனைந்த உணர்வு தெரியாது. மோஹேர் சாக்ஸ் ஒரு ஜோடி வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே, மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் காலணி அளவு பாருங்கள்.

சரி, சட்டைக்கு வருவோம்.

தைப்பூசத்தில் டர்பனில் காவடி எடுத்து நடந்தவருக்கு அந்த ஊர்ப் புழுக்கத்தை விளக்கவேண்டியதில்லை. வியர்வை உடம்பைக் குளிர்விப்பது, அது ஆவியாகும்போது மட்டும்தான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டிக் கீழே விழும் வியர்வை எதையும் எடுத்துப் போவதில்லை. எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது, தோலில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம். 35 டிகிரி வெப்பமுள்ள நனைந்த தோலில் அது 5.6 கிலோபாஸ்கல். டர்பன் கோடையில் 28 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால் காற்றில் ஏற்கெனவே 3 கிலோபாஸ்கல் இருக்கும். வித்தியாசம் 2.6. ஜோகன்னஸ்பர்க்கில் 26 டிகிரி, 40 சதவீதம் என்றால் வித்தியாசம் 4.3. அதாவது காற்றோட்டம் ஒன்றாக இருந்தால், அங்கே பத்துப் பங்கு ஆவியாகும் இடத்தில் டர்பனில் ஆறு பங்குதான் ஆகும்.

இந்த இடத்தில்தான் துணி உதவுகிறது. பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்து உப்பிக்கொள்ளும். நெசவின் துளைகள் அடைபடும், துணி முதுகில் ஒட்டும், காற்று நுழையாது. பாலியெஸ்டர் இழை தண்ணீரை உள்ளே விடுவதே இல்லை. வியர்வை இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய சந்துகள் வழியாக வெளிப்பக்கம் ஏறிப் பரவுகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே தந்துகி விளைவு. பரப்பு கூடக்கூட ஆவியாவதும் கூடும். இது ஜோகன்னஸ்பர்க்கில் அருமையாக வேலை செய்யும். டர்பனில் காற்றே ஈரமாக இருப்பதால் பலன் குறைவு. அங்கே இழையைவிடத் தளர்வு முக்கியம். கடல்காற்று சட்டைக்குள் புகுந்து போகவேண்டும். ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்காதீர்கள். அது இழைமேல் பூச்சாகப் படிந்து அந்தச் சந்துகளைக் கெடுத்துவிடும்.

ஒன்பது குழி முடிந்ததும் ‘ஹாஃப்வே ஹவுஸ்’ வரும். நிறுத்தி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் தொடர்வது இந்த நாட்டு வழக்கம். நனைந்த பருத்திச் சட்டையோடு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் உடம்பு சட்டென்று குளிர்ந்து தசைகள் இறுகும். பத்தாவது குழியின் முதல் அடி கோணலாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பையில் இன்னொரு உலர்ந்த சட்டை இருக்கட்டும்.

நிறம் பற்றிப் பேசும்போது கோல்ஃப் வீரர் கேரி பிளேயரை விடமுடியாது. ஜோகன்னஸ்பர்க்கில் 1935இல் பிறந்த அவர் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி உலகமெல்லாம் ஆடினார். கறுப்பு வெயிலின் சக்தியை உள்வாங்கித் தனக்குத் தருகிறது என்றார். கறுப்பு வெப்பத்தை வாங்குகிறது என்பது உண்மை. அது வலிமையாக மாறுவதில்லை. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்குக் கெடுதலும் இல்லை. பாலைவனத்து பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்கியும், தோலுக்கு வந்து சேர்ந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. கறுப்புத் துணி வெப்பத்தைத் தன் வெளிப்பரப்பிலேயே பிடித்துக்கொள்கிறது. அங்கி தளர்வாக இருப்பதால் உள்ளே ஓடும் காற்று அதை வெளியே கொண்டுபோய்விடுகிறது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தால் இந்த வசதி கிடையாது. இறுக்கமான கறுப்புச் சட்டை வேண்டாம் என்பது அதனால்தான்.

புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் கருநிறமே கெட்டிக்காரன். துணி எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்று சொல்லும் எண் யுபிஎஃப்; யுபிஎஃப் 50 என்று அட்டையில் போட்டிருந்தால் ஐம்பதில் ஒரு பங்கு கதிர்தான் உள்ளே வரும். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியனில் அந்த எண் பத்தைக்கூடத் தொடுவதில்லை, நனைந்தால் இன்னும் இறங்கும். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதா சுமார் பத்து சதவீதம் ஏறும். ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. “நம்ம தோல் கறுப்பு, ஒன்றும் ஆகாது” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மெலனின் ஓரளவு காப்பாற்றும், முழுவதும் காப்பாற்றாது. கண்ணுக்கு அந்தக் காப்பும் இல்லை, கண்புரைக்குப் புற ஊதாவும் ஒரு காரணம். முன்பக்கம் மட்டும் நீட்டிய கேப், காதையும் பின்கழுத்தையும் வெயிலுக்கு விட்டுவிடுகிறது. சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி வாங்குங்கள்.

காலர் வேண்டும், ஜீன்ஸ் கூடாது என்று பல க்ளப்புகளில் விதி உண்டு. காலரைத் தூக்கிவிட்டால் பின்கழுத்துக்கு நிழல். தடித்த ஜீன்ஸ் நனைந்தால் உலராது, இடுப்பு சுழலவும் விடாது. இந்த இரண்டு விதிகளுக்கும் உடம்பு சார்ந்த நியாயம் இருக்கிறது. ஆனால் க்ளப் விதிகள் என்றாலே நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1963இல் டர்பன் கண்ட்ரி க்ளப்பில் நேட்டால் ஓப்பன் போட்டியை வென்ற பப்வா செவ்கோலம் என்ற வீரர், நிறவெறி ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் இந்திய வம்சாவளி என்பதால் க்ளப் கட்டடத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. மழையில், வெளியே நின்றுதான் கோப்பையை வாங்கினார். இன்று டர்பனில் ஒரு நகராட்சி மைதானம் அவர் பெயரில் இருக்கிறது. உடை பற்றிய விதியை மதிப்போம். உடையைச் சாக்காக வைத்து யாரையும் சிறுமைப்படுத்தும் பேச்சை மதிக்கவேண்டியதில்லை.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்காலம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் வெப்பம் மதியம் 18, 20 டிகிரிக்கு வந்துவிடும். ஒரு தடித்த கோட்டைவிட, இடையில் காற்றைப் பிடித்துவைக்கும் மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம்.

கோடையில் அங்கே பிற்பகலில் வரும் இடிமழை வேறு விஷயம். ரப்பர் அடி போட்ட காலணி மின்னலிலிருந்து காப்பாற்றும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் துளைத்துக்கொண்டு வந்த மின்சாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ரப்பர் ஒரு தடையே இல்லை. பக்கத்து மரத்தில் விழுந்தாலும் தரை வழியாக ஓடி ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும். சைரன் ஒலித்தவுடன் மட்டைப் பையைப் போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ, கூரையும் கதவும் மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். மரத்தடி வேண்டாம், திறந்த கோல்ஃப் வண்டியும் வேண்டாம். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் போன பிறகு திரும்பி வரலாம்.