குவீன்ஸ்லாந்தில் கொடுவா பிடிக்க: பெர்மிட், அளவு, அபராதம்

நம் ஊர்க் கொடுவாவைத்தான் ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்கிறார்கள். இது தெரியாமல் வருஷக்கணக்கில் மீன் கடையில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு கை சும்மா இருக்காது. கடைக்குப் போய் ராடு, ரீல், ஒரு டப்பா செயற்கை இரை எல்லாம் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை விடிகாலை ஆற்றுக்குக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த வாரம் எனக்குப் போன் வரும். இறைச்சி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணை, ஒரு மீனுக்கு இவ்வளவு காசோ?"

காசு மீனுக்கு இல்லை, கையில் வந்த அபராதத் தாளுக்கு. அவரிடம் ராடு விற்ற கடைக்காரர் நாற்பது நிமிஷம் பேசியிருக்கிறார். விதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் குழப்பம் லைசன்ஸ். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் கடலிலும் ஆற்றிலும் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட லைசன்ஸ் வேண்டாம். இதைக் கேள்விப்பட்டதும் "எங்கேயும் வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு டினரூ அணைக்குப் போகிறார்கள். அங்கேதான் மாட்டுகிறார்கள். மீன் குஞ்சு விட்டு வளர்க்கும் அணைகளில் 60க்கு மேற்பட்டவற்றுக்குத் தனி பெர்மிட் உண்டு. கொடுவாவுக்குப் பெயர்போன டினரூ, ப்ராசர்பைன் பக்கத்தில் உள்ள பீட்டர் ஃபாஸ்ட், மக்காய் பக்கம் கிஞ்சண்ட், டீம்பர்ரா, ஜின் ஜின் பக்கம் மான்டூரன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கரையில் உட்கார்ந்து பிடித்தாலும் பெர்மிட் வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்கு வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று விற்கிறார்கள். ஆன்லைனிலும் வாங்கலாம், தபால் நிலையத்திலும் வாங்கலாம். அந்தப் பணத்தில் முக்கால் பங்குக்குக் குறையாமல் குஞ்சு விடும் உள்ளூர்க் குழுக்களுக்கே திரும்பிப் போகிறது. ஆக, கொடுக்கிற காசு வீண் இல்லை. வாங்காமல் போனால்தான் வீண்.

பெர்மிட் வாங்கும் இடத்தில் நம் ஆட்களுக்கு இரண்டு கண்ணி. ஒன்று பெயர். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட்டில் பலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விண்ணப்பமோ குடும்பப் பெயரை நிரப்பாமல் நகராது. அவசரத்தில் ஒருவர் அப்பா பெயரைப் போட்டார், இன்னொருவர் வெறும் புள்ளி வைத்தார். அணைக்கரையில் அதிகாரி அடையாள அட்டையைக் கேட்டால் இரண்டும் வேறு வேறு ஆளாகத் தெரியும். ஓட்டுநர் உரிமத்தில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். இதைக் கேட்க நான் ஒரு கவுண்டரில் முக்கால் மணி நேரம் நின்றேன். "ஆன்லைனில் பாருங்கள்" என்றார்கள். ஆன்லைனில் "கவுண்டரை அணுகவும்" என்று இருந்தது.

இரண்டாவது, ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா. அப்பாவுக்கு எழுபது வயது, மூத்தவர் சலுகை கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். சலுகைக்கு வயதைப் பார்ப்பதில்லை, இந்த நாட்டு ஓய்வூதியச் சலுகை அட்டை, மூத்தோர் அட்டை போன்றவற்றைப் பார்க்கிறார்கள். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு விலக்கும் இல்லை. வேடிக்கை பார்க்க எதுவும் வேண்டாம். ராடு அவர் கைக்குப் போனால் முழுக் கட்டணப் பெர்மிட் அவர் பெயரில் இருக்க வேண்டும். "கொஞ்ச நேரம் பிடிங்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் படம் எடுத்தவர்கள் உண்டு. அந்தப் படமே போதும்.

அப்புறம் தேதி. கிழக்குக் கரையில் நவம்பர் 1 நண்பகல் முதல் பிப்ரவரி 1 நண்பகல் வரை கொடுவா பிடிக்கத் தடை. நமக்கு நீண்ட லீவு கிடைப்பதே டிசம்பரில்தான், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். கொடுவா கழிமுகத்துக்கு இறங்கி முட்டையிடுவதும் அந்த வெயில் மழைக் காலத்தில்தான். இதில் வாதாடிப் பயன் இல்லை. ஆனால் வாதாடுகிறார்கள். "கடையில் விற்கிறார்களே" என்பது முதல் வாதம். கடையில் இருப்பது பெரும்பாலும் பண்ணை மீன். "பிடித்து விட்டுவிடத்தான் போகிறேன்" என்பது இரண்டாவது. தடைக்காலத்தில் கொடுவாவைக் குறிவைத்துப் பிடித்து விடுவதும் தப்புதான். வேறு மீனுக்குப் போட்டதில் தற்செயலாக மாட்டினால் அந்த நிமிஷமே தண்ணீருக்குள் விட வேண்டும். மடியில் வைத்து நாலு கோணத்தில் படம் எடுப்பது "அந்த நிமிஷம்" ஆகாது. கார்பென்டாரியா வளைகுடாப் பக்கம் போவதானால் தடைத் தேதிகள் வேறு. கிளம்பும் முன் அந்தப் பகுதிக்குத் தனியாகப் பாருங்கள்.

குஞ்சு விட்ட சில அணைகளுக்கு இந்தத் தடையில் விலக்கு உண்டு. கொடுவா உப்புத் தண்ணீர் இல்லாமல் இனம் பெருக்காது. அணையில் இருப்பது அத்தனையும் மனிதர் கொண்டுவந்து விட்டது, அதனால் முட்டைக்காலம் என்ற கேள்வியே இல்லை. ஆனால் விலக்கு அணைக்குத்தான், ஆற்றுக்கு இல்லை. மழையில் அணை வழியும்போது பெரிய பெரிய மீன்கள் கீழே ஆற்றில் வந்து விழும். கரையெல்லாம் கூட்டம் கூடும். அது அணை மீன்தானே என்று கீழே நின்று பிடித்தால் விலக்கு உங்களைக் காப்பாற்றாது.

இனி அளவு. குறைந்தது 58 செ.மீ., அதிகபட்சம் 120 செ.மீ. இரண்டு பக்கமும் எல்லை இருப்பதற்குக் காரணம் இருக்கிறது: கொடுவா ஆணாகத்தான் முதலில் முதிரும், பிறகு பெரிதாகிப் பெண்ணாக மாறும். பெரிய மீனை எடுத்தால் தாய் மீனை எடுத்தது போல. இந்த அறிவியல் எல்லாருக்கும் புரிகிறது. டேப்பைப் பிடிக்கும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நான் பக்கத்தில் நின்று பார்த்தது இது. மீன் ஐஸ் பெட்டி மூடி மேல் கிடக்கிறது. வீட்டில் தையலுக்கு வைத்திருந்த துணி டேப்பை மூக்கிலிருந்து முதுகின் வளைவு மேலே ஓட்டி வால் வரை கொண்டு போகிறார். 59 என்று வருகிறது, சிரிக்கிறார். அதிகாரி வந்தார். தட்டையான அளவுப் பலகையில் மீனைப் படுக்க வைத்து, வாயை மூடி, மூக்கு நுனியைத் தடுப்பில் முட்ட வைத்து, வால் நுனி எங்கே நிற்கிறது என்று பார்த்தார். 57. உடம்பின் வளைவு இரண்டு சென்டிமீட்டரைத் தின்றுவிட்டது. இன்னொன்றும் உண்டு: ஐஸில் கிடந்த மீன் சுருங்கும். காலையில் சரியாக 58 இருந்தது மாலையில் அரை சென்டிமீட்டர் குறையலாம். காலையில் நீங்கள் எடுத்த அளவை யாரும் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். முனையில் தடுப்பு உள்ள அளவுப் பாய் ஒன்று வாங்குங்கள், 59க்குக் கீழே உள்ளதை விட்டுவிடுங்கள். வீடு போய்ச் சேரும் வரை மீனை வெட்டவும் வேண்டாம்; துண்டு போட்ட மீனை அளக்க முடியாது, அளக்க முடியாத மீன் வம்பு.

எண்ணிக்கை ஆளுக்கு 5. இது ஒரு நாள் கணக்கு என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இது கைவசக் கணக்கு. வீட்டு ஃப்ரீசரில் போன வாரத்து மீன் நாலு கிடந்தால், இந்த வாரம் எடுக்கக்கூடியது ஒன்றுதான்.

பிடித்ததை விற்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம், நம் ஆட்கள் இதைத் தப்பாகவே நினைப்பதில்லை. தெரிந்தவர் உணவகத்துக்கு இரண்டு மீன் கொடுத்துப் பெட்ரோல் காசு வாங்குவது, வாட்ஸ்அப் குழுவில் "ஃப்ரெஷ் கொடுவா, கிலோ இவ்வளவு" என்று போடுவது, மீனுக்குப் பதில் மீன்குழம்புப் பொடி வாங்கிக்கொள்வது எல்லாமே வணிகம்தான். பண்டமாற்றும் சேர்த்தி. சும்மா கொடுப்பது வேறு. குழுவில் போட்ட செய்தி அழியாது, யாரோ ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்.

வீச்சு வலை அடுத்த பொறி. கடையில் யாருக்கும் விற்பார்கள். ஊரில் வலை வீசிப் பழகிய கைக்கு அதைப் பார்த்ததும் ஆசை வரும். ஓதம் ஏறி இறங்கும் தண்ணீரில், 3.7 மீட்டருக்கு மேற்படாத வலை செல்லும். நன்னீரில், அணையில் செல்லாது. இரை மீன் பிடிக்கத்தான் வீசினேன் என்றாலும் செல்லாது.

படகுக்கு வேறு துறை. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள மோட்டார் படகைப் பதிய வேண்டும், 4.5 கிலோவாட்டுக்கு மேல் போனால் ஓட்டுபவருக்குப் படகு லைசன்ஸ் வேண்டும். கார் லைசன்ஸ் இதற்கு ஆகாது. 4.8 மீட்டருக்குக் குறைந்த திறந்த படகு ஓடும்போது 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உயிர்காப்பு அங்கி போட்டே இருக்க வேண்டும். 2024 டிசம்பர் முதல், அந்த அளவுப் படகில் இரவில் போனாலும் தனியாகப் போனாலும் பெரியவர்களுக்கும் அது கட்டாயம். கொடுவா இரவில் நன்றாகக் கடிக்கும், அதனால் இது நேராக நம்மைக் குறித்த விதி. அங்கி இருக்கையின் கீழே இருக்கிறது என்று காட்டினால் போதாது.

இத்தனையும் ஒரே இடத்தில் கேட்க முடியாதா என்றால், முடியாது. மீன் ஒரு துறை, படகு ஒரு துறை, அணைத் தண்ணீர் இன்னொரு நிறுவனம், பவளப் பாறைக் கடல் பூங்கா மத்திய அரசு. ஓர் ஓடையின் வாய் அந்தப் பூங்காவின் எந்த மண்டலத்தில் வருகிறது என்று நான் கேட்டபோது மூன்று இடங்களில் "அது எங்களுடையது இல்லை" என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மைதான். பச்சை மண்டலத்தில் தூண்டிலே போடக்கூடாது. மஞ்சள் மண்டலத்தில் ஆளுக்கு ஒரு தூண்டில், ஒரு முள். தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது. அரசின் க்யூஎல்டி ஃபிஷிங் 2.0 செயலியைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கும் இடத்து விதியை அது காட்டும். படகுத்துறையில் சிக்னல் இருக்காது. வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள்.

சாமானுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். 30 பவுண்டு ப்ரெய்டு நூல், முனையில் 40 முதல் 60 பவுண்டு வரை தடித்த நைலான் லீடர். லீடர் கட்டாயம்: கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு சவரக்கத்தி மாதிரி, மெல்லிய நூலையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். நீண்ட மூக்குக் குறடு, முடிச்சில்லாத கைவலை இரண்டும் இருந்தால் விட வேண்டிய மீனை உயிரோடு விடலாம். முதல் முறை போகிறவர்கள் ராக்ஹாம்ப்டனில் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் தொடங்கலாம். 2015இல் வணிக வலைகளை அங்கே நிறுத்திய பிறகு ஊருக்கு நடுவிலேயே நல்ல மீன் கிடைக்கிறது. முதலையும் உண்டு. தண்ணீர் விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள், கரையில் குனிந்து மீன் கழுவாதீர்கள்.

டார்வின் பக்கம் போகிறவர்களுக்குச் சுருக்கமாக. வட ஆட்சிப்புலத்தில் மீன்பிடி லைசன்ஸும் இல்லை, படகு லைசன்ஸும் இல்லை. அங்கே பழகிவிட்டு இங்கே வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். அங்கே குறைந்த அளவு 55 செ.மீ. மேரி ஆறு, டேலி ஆறு இரண்டிலும் அக்டோபர் 1 முதல் ஜனவரி 31 வரை தடைப் பகுதிகள் உண்டு. பழங்குடி மக்களின் நிலத்தை ஒட்டிய ஓதத் தண்ணீரும் அவர்கள் உரிமையில் வரும் என்று 2008இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அனுமதி எந்தெந்த இடத்துக்கு வேண்டும் என்பதை வடக்கு நில மன்றத்தின் தளத்தில் பாருங்கள், அனுமதி கையில் வராமல் கிளம்பாதீர்கள். பட்டை கட்டி விட்ட மீனைப் பிடித்தால் பரிசு தரும் அங்குள்ள போட்டியில் 2024இல் கேத்தரின் ஊர் இளைஞர் ஒருவருக்குப் பத்து லட்சம் டாலர் விழுந்தது. பதிவு இலவசம். மீனைப் பிடித்த பிறகு பதிந்தால் பட்டைக்கு மதிப்பில்லை.

அபராதத் தாள் வந்துவிட்டதா? மேஜை இழுப்பறையில் போட்டு மூடாதீர்கள். குவீன்ஸ்லாந்தில் 28 நாள் இருக்கிறது: கட்டலாம், அல்லது நீதிமன்றத்தில் கேட்கிறேன் என்று எழுதித் தரலாம். தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்றால் தாளைக் கொடுத்த துறைக்கே எழுத வேண்டும். வசூலிக்கும் அலுவலகத்துக்கு எழுதினால் அவர்கள் திருப்பி அனுப்புவதற்குள் 28 நாள் ஓடிவிடும். பிறகு தொகை மாநில வசூல் பதிவகத்துக்குப் போய்க் கூடுதல் கட்டணம் ஏறும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் தவணை கேட்கலாம். மீன் விதியில் சந்தேகம் என்றால் மீன் துறையின் எண் 13 25 23. ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் முதலில் 131 450ஐ அழைத்து "தமிழ்" என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே அந்த அலுவலகத்துக்கு இணைப்பார்கள். படகுத்துறையில் அதிகாரி கேள்வி கேட்கும்போதும், புரியாத எதற்கும் தலையாட்டாமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அந்தத் தம்பி கேட்கவில்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் "யெஸ்" என்று சொல்லியிருக்கிறார்.