தீம் பார்க் டிக்கெட் போடுவதற்கு முன் குழந்தையின் உயரத்தை அளந்துவிடுங்கள்

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு தம்பதி என் ஆபீஸுக்கு வந்தார்கள். மேற்கு மாம்பலத்தில் 19 வருஷமாக டிராவல்ஸ் நடத்துகிறேன், அதனால் டிக்கெட் போடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பெண் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு பில்லை எடுத்து மேஜையில் விரித்து, "அக்கா, நீங்க இதே தொழில்ல இருக்கீங்க, இதைப் பார்த்துச் சொல்லுங்க, எங்களை ஏமாத்திட்டாங்களா?" என்று கேட்டார். மே மாதம் குழந்தைகளோடு சிங்கப்பூர் போய் வந்திருக்கிறார்கள், வேறோர் இடத்தில் புக் செய்து. வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம்: நாலு ராத்திரி, ஐந்து பகல், யுனிவர்சல் ஸ்டுடியோஸ் தீம் பார்க் உட்பட தலைக்கு 49,999 ரூபாய். நாலு பேருக்குப் பெருக்கி, இரண்டு லட்சம் என்று மனதில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது 3,24,000 ஆகியிருந்தது. கூடுதலாக ஆன 1,24,000 கிரெடிட் கார்டில் உட்கார்ந்திருக்கிறது.

பில்லை வரி வரியாகப் படித்தேன். ஏமாற்று ஒன்றும் இல்லை. எல்லாமே விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தவைதான். எனக்கு ஆற்றாமை அதனால்தான். இந்த வருஷம் மட்டும் இதே கதையோடு என்னிடம் வந்த ஐந்தாவது குடும்பம் இது.

தயவுசெய்து இதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். "தலைக்கு இவ்வளவு" என்று போடுகிற விலை உங்கள் வீட்டுக்கான விலையே கிடையாது. அது ட்வின் ஷேரிங் விலை, அதாவது இரண்டு பெரியவர்கள் ஒரே அறையில் தங்குவதாக வைத்துப் போட்ட கணக்கு. குழந்தைக்குத் தனிக் கட்டில் போட்டால் ஒரு விலை, போடாவிட்டால் இன்னொரு விலை. நாங்கள் அதை சைல்ட் வித் பெட், வித்அவுட் பெட் என்று தனித்தனியாகத்தான் கொட்டேஷனில் எழுதுவோம். விளம்பரத்தில் இருப்பது ஆரம்ப விலை. வருஷத்திலேயே மலிவான வாரத்தில், மலிவான ஃப்ளைட்டில், அதிகாலை நேரத்தில் கிடைக்கிற விலை. நீங்கள் போவதோ பள்ளி விடுமுறையில். இவர்கள் பில்லில் சீசன் சர்சார்ஜ் மட்டும் ஆளுக்கு 6,000, நாலு பேருக்கு 24,000. பேக்கேஜ் மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 10,000. விசாவுக்கு 12,000. ஃப்ளைட்டில் கைப்பை 7 கிலோதான் சேர்த்தி, பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்பது ஏர்போர்ட்டில்தான் தெரிந்திருக்கிறது, போக வர 16,000. காலை டிபன் ஹோட்டலில் உண்டு, மதியமும் ராத்திரியும் கிடையாது, அதில் 31,000. டாக்ஸி 9,000. பார்க்குக்குள் போன பிறகு வரிசையைப் பார்த்து மிரண்டு எடுத்த எக்ஸ்பிரஸ் பாஸ் 22,000. கூட்டிப் பாருங்கள், அந்த 1,24,000 அப்படியே வரும். இதில் அவர்கள் வாங்கிய பொம்மை, சாக்லேட் எதையும் நான் சேர்க்கவில்லை.

டிசிஎஸ் என்று ஒரு தொகை தனியாகப் பிடித்திருந்தார்கள். அது செலவில்லை. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் சட்டப்படி பிடித்தே ஆக வேண்டிய வரி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ரீஃபண்டாகவும் வரும். யாருடைய பான் நம்பரைக் கொடுக்கிறீர்களோ அவர் கணக்கில்தான் ஏறும், அதனால் வரி கட்டுபவரின் பான் கொடுங்கள். இவர்கள் அதையும் போன காசு என்றே நினைத்திருந்தார்கள்.

சரி, பணம்கூட ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பெண் போனில் ஒரு வீடியோ காட்டினார். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடு வாசலில் உயரம் அளக்கிற கம்பம். அவர்கள் பையன் அதன் கீழே நிற்கிறான், நாலு வயது முடிந்து ஒரு மாதம். முதுகை நேராக வைத்து, தாடையைத் தூக்கி, மெல்ல நுனிக்காலில் எழும்புகிறான். அங்கே நிற்கிற பெண் குனிந்து, சிரித்துக்கொண்டே அவன் தோளை லேசாக அழுத்துகிறார். குதிகால் தரையில் பட்டதும் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறான். அந்த ரைடுக்கு 102 செ.மீ. வேண்டும், அவன் 100. அப்புறம் வீடியோவில் அழுகைச் சத்தம்தான். அவன் அக்காவுக்கு ஆறு வயது, 114 செ.மீ. அவளுக்கு மம்மி ரைடு கிடையாது, 122 வேண்டும். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா கிடையாது, 125 வேண்டும். அங்கே நாலு வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட்டே தேவையில்லை. ஒன்றரை மாதம் முன்னால் போயிருந்தால் பையன் இலவசமாக உள்ளே போயிருப்பான். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் இரண்டு பேருமே முக்கால்வாசி ரைடு ஏறியிருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே, முழுக் காசும் கட்டி, பாதி ரைடும் ஏற முடியாத வயதில் போயிருக்கிறார்கள்.

இந்த அளவுகளெல்லாம் ரகசியம் இல்லை. ஒவ்வொரு பார்க்கின் வெப்சைட்டிலும் ரைடு ரைடாகப் போட்டிருக்கிறார்கள். வீட்டுச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, டெய்லர் டேப்பால் அளந்து பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை. ஷூவோடு அளக்காதீர்கள், நுனிக்காலில் நிற்க விடாதீர்கள். கடைக்குட்டி எத்தனை ரைடில் ஏற முடியும் என்று எண்ணுங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால் அந்தப் பார்க்கை இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள். ரைடு ஆபரேட்டரிடம் கெஞ்சாதீர்கள், இன்சோலுக்கு மேல் இன்சோல் வைத்து அனுப்பாதீர்கள். சேஃப்டி பார் அந்த உயரத்துக்கு மேல் இருக்கிற உடம்பைத்தான் பிடித்து வைக்கும். இதில் செல்லம் கொடுக்க இடமே இல்லை.

அதற்குள் குழந்தை ஏங்கிப் போகாதா என்று கேட்கிறார்கள். குழந்தைக்கு சிங்கப்பூரும் தெரியாது, ஈசிஆரும் தெரியாது. தண்ணீர் இருந்தால் போதும், அப்பா அம்மா போனைப் பார்க்காமல் கூடவே இருந்தால் போதும். நம் ஊரிலேயே விஜிபி இருக்கிறது, முட்டுக்காட்டில் எம்ஜிஎம் இருக்கிறது, 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லாவும் திறந்துவிட்டார்கள். முதல் தீம் பார்க் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். உங்கள் குழந்தை ராட்டினத்தில் ஏறினால் சிரிக்குமா, அலறுமா, வாந்தி எடுக்குமா, எத்தனை மணிக்குச் சோர்ந்து தோளில் விழும் என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். அது தெரியாமல் மூன்று லட்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

ஒரு ராத்திரி வெளியே தங்கினால்தான் டூர் மாதிரி இருக்கும் என்றால் பெங்களூர் போங்கள். பிடதியில் இருக்கிற வொண்டர்லா மைசூர் ரோட்டில், நகரத்திலிருந்து சுமார் 28 கிலோமீட்டர். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள், 2024 நவம்பரிலேயே மாற்றிவிட்டார்கள். ரயில், ஒரு நாள் அறை, டிக்கெட், சாப்பாடு, வாடகை கார் எல்லாம் சேர்த்து நாலு பேர் குடும்பத்துக்கு 25,000 ரூபாய்க்குள் முடித்து அனுப்பியிருக்கிறேன், வார நாளில். சனி ஞாயிறு வேண்டாம். செவ்வாய், புதன் போனால் வரிசையும் குறைவு, அறை வாடகையும் குறைவு, ஃபாஸ்ட் ட்ராக் டிக்கெட்டுக்கு அவசியமே இருக்காது. டிக்கெட்டை அந்தந்தப் பார்க்கின் சொந்த வெப்சைட்டில் பாருங்கள், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த விலையா என்று கடைசிப் பக்கம் வரை போய்ப் பாருங்கள். பல இடங்களில் குழந்தை டிக்கெட் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்துத்தான். அதற்கும் அந்தச் சுவர்க் கோடு உதவும்.

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் அல்லது லைக்ரா துணிதான் அனுமதி. காட்டன் சுடிதாரோ, புடவையோ, வேட்டியோ போட்டுக்கொண்டு குளத்தில் இறங்க விட மாட்டார்கள். இது தெரியாமல் போய் வாசல் கடையில் நாலு செட் வாங்குகிறவர்கள் ஏராளம், அதே துணி தி.நகரில் பாதி விலைக்குக் கிடைக்கும். வெளிச் சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள், அதனால் காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். காலித் தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் தாத்தா பாட்டியை நாள் முழுக்கப் பெஞ்சில் உட்கார வைத்துப் பையைக் காவல் காக்கச் சொல்லாதீர்கள், ஒரு லாக்கர் எடுங்கள். இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சிங்கப்பூர்தான், ஹாங்காங் டிஸ்னிலேண்ட்தான் என்று முடிவாகிவிட்டதா, சந்தோஷமாகப் போங்கள். ஆனால் தொகையை முதலில் முடிவு செய்யுங்கள், ஊரை அப்புறம். வீட்டு வாசலில் பூட்டுப் போடுவது முதல் திரும்பி வந்து பூட்டைத் திறக்கிற வரை ஆகிற எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள், மீனம்பாக்கத்துக்குப் போகிற ஆட்டோ உட்பட. அதன் மேல் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். வருகிற தொகை கையில் இல்லையென்றால் ஆர்டி போடுங்கள், மாதம் 8,000 கட்டினால் இரண்டரை வருஷத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேல் ஆகிவிடும், அதற்குள் பையனும் வளர்ந்துவிடுவான். டிராவல் லோன் எடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் மினிமம் ட்யூ மட்டும் கட்டிக்கொண்டு இருக்கவே இருக்காதீர்கள். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி என்று வைத்தால் அந்த 1,24,000க்கு மாதம் 4,340 ரூபாய் வட்டியாக மட்டும் போகும். இதைச் சொன்னபோது அந்தக் கணவர் பில்லைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. முதலில் அதை அடைத்துவிடுங்கள், வேறு சேமிப்பு இருந்தால் அதை எடுத்தாவது, என்று சொல்லி அனுப்பினேன்.

மாலில் கூப்பன் எழுதிப் போட்டதற்குப் பரிசு விழுந்திருக்கிறது, இலவச ஹாலிடே, கணவன் மனைவி இருவரும் நேரில் வாருங்கள் என்று போன் வந்தால் போகாதீர்கள். அது ஹாலிடே கிளப்பில், அதாவது பல வருஷத்து விடுமுறைக்கு முன்பணம் வாங்குகிற திட்டத்தில், சேர்த்துவிடுகிற கூட்டம். போனால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வருவது கஷ்டம்.

ஐந்து நாள் போனால் ஐந்து நாளும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடமாக அடுக்காதீர்கள். பார்க்குக்கு ஒரு நாள், அடுத்த நாள் காசில்லாத இடம். கார்டன்ஸ் பை தி பேயில் ராத்திரி நடக்கிற விளக்குக் காட்சி இலவசம், சிங்கத் தலை, மீன் உடம்போடு இருக்கிற மெர்லயன் சிலை இலவசம். யுனிவர்சல் இருக்கிற சென்டோசா தீவுக்கு விவோசிட்டி மாலிலிருந்து போர்டுவாக்கில் நடந்தே போய்விடலாம். சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர் என்கிற மலிவான உணவுக் கடைக் கூடத்துக்குப் போங்கள், லிட்டில் இந்தியா போங்கள், தமிழிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு ஜூன் மாதமும், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் முழுக்கவும் விடுமுறை, அப்போது பார்க்கில் கால் வைக்க இடம் இருக்காது. கடையில் கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா, அந்த ஊர்க் காசா என்று கேட்டால் அந்த ஊர்க் காசையே அழுத்துங்கள்.

சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, போய் இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் ஆன்லைனில் போட வேண்டியது, முழுக்க இலவசம். ஹாங்காங்குக்கு நாம் முன்கூட்டியே செய்கிற ரெஜிஸ்ட்ரேஷனும் இலவசம். இதற்கெல்லாம் காசு கேட்கிற வெப்சைட் வந்தால் மூடிவிட்டு அரசாங்க வெப்சைட்டைத் தேடுங்கள். கைக்குழந்தைக்கு ஃப்ளைட்டில் சலுகை இரண்டு வயது வரைதான். போகும்போது இன்ஃபன்ட், அங்கே பிறந்தநாள் வந்துவிட்டால் வரும்போது தனி சீட் வாங்க வேண்டும், தேதியைப் பாருங்கள்.

அப்புறம் பாஸ்போர்ட். போகிற தேதியிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்து வருஷம் என்பதால் குழந்தைக்கும் அப்படித்தான் என்று இருந்துவிடுகிறார்கள், குழந்தைக்குக் கொடுப்பது ஐந்தே வருஷம். ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் பீரோவைத் திறக்காதீர்கள். இன்றைக்கே எடுத்துக் கடைசித் தேதியைப் பாருங்கள், பார்த்த பிறகு எனக்கோ உங்கள் ஏஜென்டுக்கோ போன் செய்யுங்கள்.