காதுக்குக் கேட்காத சத்தம் காப்பாற்றிய கச்சேரி

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்க ஆரம்பிக்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு குழப்பம் வரும். 1977இல் நடந்த கச்சேரி ஒன்று நேற்று ஸ்டுடியோவில் பதிந்தது மாதிரி அவ்வளவு தெளிவாக இருக்கும். 1974இல் நடந்த இன்னொன்றில் கிட்டாரும் பேஸும் அற்புதமாகக் கேட்கும், பாடுகிறவர்களின் குரல் மட்டும் சதையில்லாமல் மெலிந்து ஒலிக்கும். அதே ஆட்கள், அதே தொண்டை. மூன்று வருடத்தில் என்ன ஆகிவிட்டது? பழைய டேப் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் காரணம் டேப்பின் வயதில் இல்லை. அன்று ஒலியை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

1965இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய இந்தக் குழு, முப்பது வருடங்களில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசிக்க மாட்டார்கள். அவர்கள் வாசித்த சைக்கெடெலிக் ராக் என்ற இசைவகையின் உயிரே அந்த நீண்ட, முன்கூட்டித் திட்டமிடாத வாசிப்பில்தான். அதனால் ஒவ்வொரு இரவின் பதிவுக்கும் தனி மதிப்பு. ஆரம்பத்தில் அதைப் பதிந்து வைத்தவர், ‘பேர்’ (கரடி) என்று எல்லோரும் அழைத்த ஆவ்ஸ்லி ஸ்டான்லி என்ற ஒலிப் பொறியாளர். தன் வேலை அன்று எப்படி இருந்தது என்று திரும்பக் கேட்டுப் பார்க்கத்தான் அவர் பதிந்தார். ‘ஒலி நாட்குறிப்பு’ என்றே தன் டேப்புகளுக்குப் பெயர் வைத்திருந்தார். வேலைக்குறிப்பாக எழுதியது ஆவணக்காப்பகமாக வளர்ந்துவிட்டது.

கச்சேரியைப் பதிய இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மேடையிலிருந்து மிக்ஸிங் போர்டுக்கு, அதாவது ஒலிகளைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவிக்கு, வரும் ஒலியை அப்படியே டேப்பில் எடுப்பது. இதை ‘சவுண்ட்போர்டு’ பதிவு என்பார்கள். கேட்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் ஒரு சிக்கல் உண்டு. போர்டின் வேலை, கூடத்துக்கு எது தேவையோ அதைக் கூட்டிக் கொடுப்பது. சின்ன அரங்கில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையரே காதைப் பிளக்கும். அதற்கு ஸ்பீக்கர் உதவி தேவையில்லை. குரலுக்குத்தான் தேவை. ஆகவே போர்டில் குரல் நிறையவும் கிட்டார் கொஞ்சமாகவும் இருக்கும். அரங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாம் சரிசமமாகக் கேட்டிருக்கும். டேப்பில் மட்டும் கிட்டார் பக்கத்து அறையில் வாசிப்பது போல இருக்கும்.

இன்னொரு வழி, கூட்டத்துக்கு நடுவே மைக் வைத்துப் பதிவது. இதில் சமநிலை கெடாது. ஆனால் சுவரில் மோதித் திரும்பும் ஒலி, பக்கத்தில் நிற்பவரின் இருமல், கைதட்டல் எல்லாமே சேர்ந்து வரும். ரசிகர்கள் இப்படிப் பதிவதைக் குழு தடுக்கவில்லை. 1984 அக்டோபரில் அவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கிக் கொடுத்தது. இப்போது சிலர் இரண்டு வகைப் பதிவையும் கணினியில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்த மைக்குக்கு அது கிட்டத்தட்ட 87 மில்லி விநாடி தாமதமாக வந்திருக்கும். அந்தத் தாமதத்தை நகர்த்திச் சரிசெய்யாவிட்டால் ஒவ்வொரு ட்ரம் அடியும் இரண்டு முறை கேட்கும்.

சரி, 1974இன் மெலிந்த குரலுக்கு வருவோம். அந்த வருடம் குழு ‘வால் ஆஃப் சவுண்ட்’ (ஒலிச்சுவர்) என்ற பிரம்மாண்டமான ஒலியமைப்பைக் கட்டியது. சுமார் 600 ஸ்பீக்கர்கள், மொத்தம் 75 டன் எடை. பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி ஸ்பீக்கர் வரிசை. இவ்வளவும் வாசிப்பவர்களின் முன்னால் அல்ல, முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர்கள் கேட்டதையே ரசிகர்களும் கேட்க வேண்டும் என்பது யோசனை. ஆனால் ஸ்பீக்கருக்கு எதிரே மைக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்: காது கிழியும் ஊளை.

அதற்குக் கண்டுபிடித்த தீர்வு எளிமையானது, அழகானது. பாடகருக்கு முன்னால் மேலும் கீழுமாக இரண்டு மைக். கீழ் மைக்கின் மின்சமிக்ஞையைத் தலைகீழாக்கி மேல் மைக்கோடு சேர்த்துவிடுவார்கள். பின்னாலிருக்கும் சுவரின் ஒலி இரண்டு மைக்குக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் போகும், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகர் மேல் மைக்கில் உதட்டை வைத்துப் பாடுவதால் அவர் குரல் மட்டும் மிஞ்சும். ஆனால் குரலின் அடித்தளமான தாழ்ந்த அதிர்வெண்களின் அலைகள் நீளமானவை. சில சென்டிமீட்டர் இடைவெளி அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பதால், அவை இரண்டு மைக்கிலும் ஒரே கட்டத்தில் விழுந்து தாமும் ஓரளவு அழிந்துபோகும். குரலின் கனம் போய்க் கூர்மை மட்டும் நிற்கும். 1974 டேப்பில் நாம் கேட்பது பழுது அல்ல, அந்தக் கழித்தல் கணக்கின் மிச்சம். இது தெரிந்த பிறகு அந்த வருடப் பதிவுகளைக் கேட்கும் விதமே எனக்கு மாறிவிட்டது.

1977இன் தெளிவுக்குக் காரணம் ஒரு பெண் ஒலிப் பொறியாளர். பெட்டி கேன்டர்-ஜாக்சன், கூடத்துக்குப் போகும் கலவையை அப்படியே எடுக்காமல், டேப்புக்கென்று தனியாக ஒரு கலவை செய்தார். காதுக்கு எதிரே முழுக் குழுவும் அரை வட்டமாக நிற்பது போன்ற உணர்வு அவர் டேப்புகளில் வரும். 1977 மே 8 அன்று, நியூயார்க் மாநிலம் இத்தாகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியை அவர்தான் பதிந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஆனால் அதிகாரப்பூர்வமான வெளியீடு 2017இல்தான் வந்தது. பெட்டி கேன்டர்-ஜாக்சன் வாடகைக் கிடங்கில் வைத்திருந்த டேப்புகள் வாடகை பாக்கிக்காக 1986இல் ஏலத்தில் போய்ப் பலர் கைக்குச் சிதறியிருந்தன. அவை திரும்பி வரும்வரை உலகம் கேட்டதெல்லாம் நகல்களும் நகலின் நகல்களும்தான்.

நகலில் என்ன குறைகிறது? டேப் என்பது காந்தத் துகள் பூசிய பிளாஸ்டிக் நாடா. அது ஓடும் வேகம்தான் ஒவ்வொரு அலைக்கும் கிடைக்கும் இடம். ஸ்டுடியோ டேப் விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடுகிறது. சாதாரண காசெட் 4.76 சென்டிமீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு முதலாவதில் 38 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளம் கிடைக்கும், காசெட்டில் ஐந்து மைக்ரான்கூட இல்லை. டேப்பைப் படிக்கும் ‘தலை’ என்ற காந்தப் பாகம் சற்றே சாய்ந்திருந்தாலும் போதும், ட்ரம்மோடு இருக்கும் சிம்பல் தட்டின் மினுமினுப்பு முதலில் காணாமல் போகும். ஒவ்வொரு நகலும் தன் பங்குக்கு ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலைச் சேர்க்கும். அதனால்தான் டேப் பரிமாறிக்கொண்ட ரசிகர்கள் அது எத்தனையாவது தலைமுறை நகல் என்று விசாரித்தார்கள்.

இரைச்சலைக்கூட மனம் மறந்துவிடும். மறக்க முடியாதது சுருதி ஆடுவது. சின்ன வயதில் ஓடுகிற காசெட்டின் சக்கரத்தை விரலால் லேசாக அழுத்திப் பாட்டை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்த மோட்டாரும் நூறு சதவீதம் சீராக ஓடாது. வேகம் ஒரு சதவீதம் மாறினால் சுருதி அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நகரும். படபடவென்று போகும் பாட்டில் அது தெரியாது. ஆனால் குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தி, அது கரைந்து போகும்வரை விடாமல் வைத்திருப்பாரே, அங்கே அந்த நடுக்கம் அப்பட்டமாகக் கேட்கும். இந்த இசைக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை.

அதற்கான மருந்து அந்த டேப்பிலேயே ஒளிந்திருந்தது. காந்தத் துகள்கள் சோம்பேறிகள். மெல்லிய ஒலிக்கு அவை அசைந்து கொடுக்காது, கொடுத்தாலும் கோணலாகக் கொடுக்கும். அதனால் பதிவுக் கருவி, இசையோடு சேர்த்து மிக உயர்ந்த அதிர்வெண் கொண்ட ஒரு மின்னலையையும் டேப்புக்கு அனுப்பும். பெயர் ‘பயஸ்’. அது துகள்களை உலுக்கி விழிக்க வைக்கும், அதன்பின் இசை உள்ளபடி பதியும். இதன் அதிர்வெண் பெரும்பாலும் ஒரு லட்சம் ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். மனிதக் காதின் எல்லை 20,000. வேலை முடிந்த பின் யாருக்கும் தேவையில்லாத அந்த அலையின் மங்கலான சுவடு மட்டும் டேப்பில் தங்கிவிடும்.

பிளான்ஜன்ட் பிராசஸஸ் என்ற முறையை உருவாக்கியவர்கள் பிடித்துக்கொண்டது இந்தச் சுவட்டைத்தான். பதிந்த அன்று பயஸ் அலை ஒரே சீராக ஓடியது. இன்று அதைத் தனி வகைத் தலைகளைக் கொண்டு படித்துப் பார்க்கும்போது, அது எங்கே நெருங்கியும் எங்கே விலகியும் இருக்கிறதோ, அங்கெல்லாம் டேப் தடுமாறியிருக்கிறது என்று அர்த்தம். கோடு போட்ட நோட்டில் எழுதிய எழுத்து கோணியிருந்தால் கோட்டை நேராக்கினால் போதும், எழுத்தும் நேராகிவிடும். அதே மாதிரி, கணினி பயஸ் அலையை நேராக்க, இசையும் கூடவே நிமிர்கிறது. 2017 கார்னெல் வெளியீடு இப்படிச் சரிசெய்யப்பட்டதுதான். இது மூல டேப்பில் மட்டுமே முழுதாகப் பலிக்கும். நகலில் இருப்பது நகல் எடுத்த கருவியின் பயஸ். மேடையருகே ஓடிய கருவியின் தடுமாற்றம் அதற்குத் தெரியாது. சிதறிய டேப்புகளைத் தேடிச் சேர்த்ததன் அருமை அங்கேதான்.

எழுபதுகளின் டேப்புகளில் பலவற்றுக்கு இன்னொரு நோயும் உண்டு. துகளை ஒட்டவைத்த பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து தலையில் ஒட்டும். அதை 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே மணிக்கணக்கில் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு, மறுபடி ஈரம் ஏறுவதற்குள் பதிவை எடுத்துவிட வேண்டும்.

அன்று கார்னெலில் இரண்டாம் பகுதி தொடங்கும்போது, முன்வரிசையில் நசுங்குகிறவர்களுக்காகக் கூட்டத்தைப் பின்னால் நகரச் சொல்கிறார்கள் குழுவினர். பெட்டி கேன்டர்-ஜாக்சனின் டேப்பில் அந்தக் குரல்கள் காதருகே பேசுகின்றன. ஆயிரக்கணக்கானவர்கள் எங்கோ தூரத்து முணுமுணுப்பாக இருக்கிறார்கள். அதே நிமிடத்தை ஒரு ரசிகரின் பதிவில் கேட்டால் இடம் மாறிவிடும். குரல் தூரத்து மேடையிலிருந்து வருகிறது, நாம் அந்த நெரிசலுக்குள் நிற்கிறோம்.