வியூமாடல் காப்பாற்றாத நண்டுக் கணக்கு

விடுமுறைக்குத் தங்கச்சிமடம் வரும்போதெல்லாம், ஆண்ட்ராய்டு வேலைக்கு முயலும் பிள்ளைகளுக்கு மாதிரி இன்டர்வியூ எடுப்பேன். கம்பெனியிலும் ஆள் எடுக்கும் குழுவில் இருப்பதால், எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று தெரியும்.

போன மாதம் பாம்பன் தம்பி ஒருவர் வந்தார். ஆக்டிவிட்டி லைஃப்சைக்கிளை, அதாவது ஆப்பின் ஒரு திரை உருவாகி மறையும் வரையான கட்டங்களை, ஆன்கிரியேட் முதல் ஆன்டெஸ்ட்ராய் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார். சரி என்று அடுத்ததைக் கேட்டேன்: "ஃபார்மைப் பாதி நிரப்பியிருக்கேன். போன் வருது, பேசுறேன். அதுக்குள்ள மெமரி பத்தாம சிஸ்டம் ஆப்பை கில் பண்ணிருச்சு. திரும்ப வந்தா நிரப்பினது இருக்குமா?"

"இருக்கும்ணே. வியூமாடல் பார்த்துக்கும்."

பலரும் வழுக்கும் இடம் இது. வியூமாடல் என்பது திரைக்கான தகவலை மெமரியில் வைத்திருக்கும் பகுதி. திரையைத் திருப்பினால் அது தாங்கும். ப்ராசஸே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பே, போனால் அதுவும் கூடவே போய்விடும். சின்ன விவரத்துக்கு, சிஸ்டம் காத்துவைத்துத் திருப்பித் தரும் சேவ்ட்ஸ்டேட்ஹேண்டில்; போகவே கூடாததற்கு, போனிலேயே சேமித்து வைக்கும் ரூம் டேட்டாபேஸ். சோதிக்க ஆப்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு ஏடிபியில் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) 'ஏஎம் கில்' கொடுங்கள். ரீசன்ட்ஸில் (அண்மையில் திறந்த ஆப்களின் பட்டியல்) தள்ளி மூடிப் பார்ப்பது சரியான சோதனை அல்ல, அப்போது சேமித்த நிலையையும் சிஸ்டம் தூக்கிப் போட்டுவிடும்.

அப்புறம் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. அப்பாவின் நாட்டுப்படகு நண்டுக் கணக்குக்கு அவரே ஓர் ஆப் எழுதியிருக்கிறார். எடை போடும் நேரத்தில் வியாபாரி போன் செய்தால் பதிந்த கிலோவெல்லாம் மாயம். வீட்டில் செம திட்டு. அதனால் ஒவ்வொரு எடையும் போட்ட கையோடு ரூமில் ஏறும்படி மாற்றியிருக்கிறார். கடலில் சிக்னல் போய்விடும், ஆனால் ஜிபிஎஸ்ஸுக்கு டவர் வேண்டாமே! வலை போட்ட இடம் போனிலேயே பதிவாகி, கரைக்கு வந்து நெட் கிடைத்ததும், பின்னணி வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் வொர்க்மேனேஜர் அனுப்பிவிடும்.

நான் கேட்ட கேள்விக்கு விடையை எப்போதோ எழுதி வைத்திருக்கிறார். ரெஸ்யூமேயில் ஒரு வரி இல்லை. "அது வீட்டுக்குச் செஞ்சதுண்ணே" என்றார். அங்கே இருந்தது நாலு பேர் சேர்ந்து செய்த வானிலை ஆப். (வானிலை ஆப் இல்லாத ரெஸ்யூமே கண்ணில் படுவதே அபூர்வம்.)

நெட் இல்லாதபோது ஆப் என்ன செய்யும் என்பது மொபைல் இன்டர்வியூவில் அடிக்கடி வரும் கேள்வி. நீங்களே செய்த ஆப் இருந்தால் அதில் எது தொலைந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், ஏன் இந்த வழி என்று சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை.

கிளம்பும்போது அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.

"வியூமாடல் போயிரும்ணே. கிலோ போகாது."